எல்லை தாண்டிய தடை

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஒரு விடுதி; அங்கே லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நானும் ஹெட்விக் என்ற அம்மாளும் மட்டும்.

மெக்கானிக் டெட்லெஃப் மேலிருந்து கத்தினார்: "கதவைத் திறந்து மூடுற சர்க்யூட் போர்டு எரிஞ்சுபோச்சு. புதுசு வண்டியிலயே இருக்கு. ஆனா மாட்டக் கூடாது. எவனோ அந்தப் போர்டு தன் கண்டுபிடிப்புன்னு காப்புரிமை வழக்குப் போட்டு, காலையிலதான் தடை வாங்கியிருக்கான்."

"யாரும் பார்க்கலப்பா, மாட்டு!" என்றாள் ஹெட்விக்.

"தீர்ப்பு தீர்ப்புதாம்மா. இப்ப ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே பொது காப்புரிமை கோர்ட்டு. பிரான்சுல மாட்டினாலும் தப்பு. அந்தாளே சரின்னு சொன்னா மாட்டலாம். போன் போட்டா கிடைக்கவே மாட்டேங்குது."

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!" ஹெட்விக் குடையை ஓங்கினாள்.

அந்த லிஃப்டில் குடைக்கு எட்டாத மூலையே இல்லை.

"உள்ள சிக்னல் இல்லைங்க" என்றேன். "வழக்குப் போட்டவன் நான்தான்."