சிண்டு என்று கூப்பிட ஒருவர்

மரியதாஸ் வீட்டு வாசலில் கிடந்த இடதுகால் செருப்புக்கு ஒரு வார் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றும் போனால் குப்பைத்தொட்டிதான். அதனால், நாய்க்குட்டி சிண்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்ததுமே செருப்பு அலறியது.

"டேய், என்மேல உனக்கு என்னடா பகை? அங்கே எலும்பு கிடக்குது பார், அதைக் கடியேன்!"

"பகையா? ஐயோ அண்ணே! எலும்பைக் கடிச்சா யார் வரப்போறாங்க? உங்களைக் கடிச்சாத்தான் அவர் போனைக் கீழே வச்சுட்டு ஓடி வர்றார். சிண்டு, சிண்டுன்னு எத்தனை தடவை கூப்பிடுறார்!"

செருப்பு திடுக்கிட்டுப் போனது. "மடையா, அவர் உன்னைத் திட்டுறாருடா!"

"திட்டட்டுமே. மத்த நேரத்தில் அதுவும் கிடையாதே!" என்று சொல்லிவிட்டு சிண்டு பல்லை இறக்கியது.

மரியதாஸ் ஓடி வந்தார். நேற்றுக் கத்திய கத்தலில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அலுத்துப்போய் உள்ளே திரும்பி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

சிண்டுவின் வாயிலிருந்து செருப்பு நழுவியது. "அண்ணே, என் பேரை மறந்துட்டாரா?"

சிண்டு மெல்ல உள்ளே போய், எதையும் தொடாமல் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து அதன் தலைமேல் ஒரு கை இறங்கியது. "சிண்டு" என்றது கரகரத்த குரல்.

குட்டி விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தது. செருப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே! நான் எதையும் கடிக்கவே இல்லை, சத்தியமா! அப்புறம் ஏன் அவர் என்னைக் கூப்பிட்டார்?"