பதினேழின் உயரம்

“ரெண்டு மணிக்கு நாப்பது பேரையும் முடிச்சிடலாம். பதினேழுல இருந்து ஆரம்பிக்கவா?” என்று கேட்டாள் அடுப்பு அக்கா.

அளவெடுக்கும் பெண் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “வரிசைப்படியே போங்கக்கா” என்றாள்.

அந்த நாற்பது பேரும் தக்காளிச் செடிகள். இருபதுக்குப் புது உரம், இருபதுக்கு வெறும் தண்ணீர். எந்த வரிசை வேகமாக வளர்கிறது என்று ஆறு வாரமாகத் தினமும் காலையில் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதியது அவள்தான். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. இந்தச் சோதனை ஒழுங்காக முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

உயரம் மட்டும் வளர்ச்சி ஆகாது. கடைசி நாளில் செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, பெட்டி போன்ற மின் அடுப்பில் காயவைத்து, மிஞ்சியதை எடை போட வேண்டும். பதினைந்து வருடமாக அந்த அடுப்பு அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. எத்தனையோ ஆயிரம் செடிகளைப் பார்த்துவிட்டாள்.

பதினேழு வெறும் தண்ணீர் வரிசை. ஆனாலும் உரம் குடித்தவர்களை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு நாளுக்கு ஏழு மில்லிமீட்டர் ஓடியது. பிடித்ததைக் கடைசி வாய்க்கு ஒதுக்கி வைப்பதுபோல, அவள் அதைத் தினமும் கடைசியாகத்தான் அளப்பாள்.

“நாப்பது பிள்ளையில ஒண்ணு மேல மட்டும் பாசம் வைக்கிறது பாவம்டி.”

“பாசமெல்லாம் இல்லக்கா. நல்ல வளர்ச்சி விகிதம்.”

“ஆமாமா. காக்காவும் தன் குஞ்சைப் பத்தி இப்படித்தான் சொல்லும்.”

இது தலைமை ஆய்வாளர் காதில் விழாதவரை நல்லது. அவருக்கு ‘அரை மில்லிமீட்டர்’ என்று பட்டப்பெயர். அந்த அளவு சந்தேகம் வந்தாலே நாற்பதையும் மறுபடி அளக்கச் சொல்வார். செடி அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், “அழகுக்கு நோட்டுல கட்டம் இல்லம்மா” என்பார்.

போன வெள்ளிக்கிழமை அவரிடம் வசமாக மாட்டியிருப்பாள். பதினேழு முந்தின நாளைவிட நாலு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மூன்று தடவை அளந்தும் அதே நாலு. இத்தனை நாளும் பாசத்தில் கூட்டி எழுதிவிட்டோமோ என்று உதறலோடு நோட்டை நீட்டினாள். நல்லவேளை, அவர் ஏதோ யோசனையில் இருந்தார். “ஸ்கேல் சாஞ்சிருக்கும், விடும்மா” என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இன்று ஒன்றரைக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால் உபரி நாற்றுகள் சில தொட்டிகளில் சும்மா கிடந்தன. ஏறக்குறைய அதே உயரத்தில் ஒன்றை எடுத்துவந்து, பதினேழின் எண் அட்டையை உருவி அதில் குத்தினாள். பதினேழு அவளுடைய துணிப்பைக்குள் போனது. வாழ்க்கையில் முதல் திருட்டு, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இரண்டு மணிக்குப் பிடுங்கல் தொடங்கியது. போலிப் பதினேழைக் கழுவும்போது அக்காவின் கை நின்றது.

“என்னடி, உன் செல்லத்துக்கு வேர் இவ்வளவுதானா?”

“வெறும் தண்ணி குடிச்சா வேற எப்படிக்கா இருக்கும்?”

“உயரத்தைப் பார்த்து நான் ஏமாந்துட்டேன் போ” என்று அதைக் காகித உறையில் போட்டு அடுப்புக்குள் தள்ளினாள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

ஐந்தரைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், வராந்தாவில் அரை மில்லிமீட்டர். பையின் வாய்வழியாக ஓர் இலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னம்மா, வீட்டுக்குக் கீரையா?”

தலையாட்டியிருந்தால் போதும். அவர் பாதி திரும்பிக்கூட விட்டார். ஆனால் ஆறு வாரத்தில் அந்த நோட்டில் அவள் ஒரு பொய் எழுதியதில்லை. அடுப்பைத் திறந்ததும் பதினேழுக்கு நேரே எழுதப்போவது பொய்.

“கீரை இல்ல சார். பதினேழு.”

“எந்தப் பதினேழு?”

“நம்ம பதினேழு. அடுப்புல இருக்கறது வேற செடி. மதியம் நான்தான் மாத்தி வச்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஒரு எண் பொய்யானா மொத்த நோட்டும் பொய். இதை உனக்கு யாரும் சொல்லலையா?”

“நீங்கதான் சார் சொன்னீங்க. முதல் நாளே.”

“சொல்லியுமா?”

“பிடுங்க மனசு வரல சார். முப்பத்தொம்பது செடிதான்னு கணக்கை முடிச்சிடுங்க. வேலையை விட்டு நிக்கச் சொன்னாலும் நின்னுக்கிறேன். இதை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க.”

இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை.

அவர் வராந்தாவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அடுப்பு அக்கா எப்போதோ கிளம்பிவிட்டிருந்தாள். குனிந்து பைக்குள் ஒரு பார்வை பார்த்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது பதினேழு இல்லம்மா. பதினேழு போன வியாழக்கிழமையே எங்க வீட்டு ஜன்னலுக்கு வந்தாச்சு.”