ரேடியோவுக்கு ஒரு எர்த்

“இப்ப எப்படி இருக்குது?”

கொல்லையில் கடப்பாரையோடு நின்றபடி இராமலிங்கம் கேட்டார்.

“அப்படியேதாங்க இருக்குது. ஒரே இரைச்சல்” என்று வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி ஜோதியம்மாள் பதில் சொன்னாள்.

கூரைமேல் ஏரியல் கம்பி கட்டி மாதம் ஒன்றாகப் போகிறது. கல்யாணத்தில் வந்த அந்தப் பழைய கரண்டு ரேடியோ, பக்கத்து ஸ்டேஷன்களையெல்லாம் கணீரென்று எடுத்துவிடும். அந்தமான் என்றால் மட்டும் எண்ணெய்ச் சட்டியில் வடை போட்ட மாதிரி இரையும். ஏரியலில் குறையில்லை, எர்த்தான் சரியில்லை என்று டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்கிற கண்ணாயிரம் சொல்லியிருந்தார். ஈரமான இடமாகப் பார்த்து மண்ணுக்குள் இரும்பையோ செம்பையோ இறக்கி, அதிலிருந்து கம்பி இழுத்து ரேடியோவில் சொருக வேண்டுமாம். சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் ஊரான அடி அண்ணாமலையில் முழம் ஆழம் தோண்டினாலே மலையின் கால் தட்டுப்படும்.

முதலில் ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயில் கட்டினார். அது பிளாஸ்டிக் குழாய் என்பது, கட்டி முடித்துப் பெருமூச்சு விட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்தமான் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார். புயலெல்லாம் அங்கேதான் கிளம்புகிறது, களத்தில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டவன் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா என்பார். கேட்டவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார்கள். அவருடைய ஒரே மகள் கீதாஞ்சலி, தானே ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு அந்தமானுக்குக் கப்பலேறியது ஊருக்கே தெரியும். “இனிமே உன் குரலே இந்த வூட்ல கேக்கக் கூடாது” என்று அவர் வாசலில் நின்று கத்தியதும் தெரியும்.

அந்தமான் ரேடியோவில், சாயங்காலத் தமிழ் நிகழ்ச்சியில் அவள் பேசுகிறாள் என்ற சேதி போன மாதம்தான் வந்தது. ஜோதியம்மாள் அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. அவர் காதில் விழும்படி மாட்டிடம் சொன்னாள். மறுநாளே இராமலிங்கம் ஏரியல் கம்பி வாங்க டவுனுக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரே ஒருநாள் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் வந்து போனது. அது கீதாதானா, வேறு யாராவதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பெற்ற பிள்ளையின் குரலே அடையாளம் தெரியாமல் போய்விட்டதே என்று அன்று அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தட்டில் கையை வைத்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

இன்றைக்கு ஜோதியம்மாளே வலிய வந்து யோசனை சொன்னாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய்த் தேங்கும் வாழை மரத்தடியில் தோண்டச் சொன்னாள். பிறந்த வீட்டுச் சீராக வந்து, விரிசல் விட்டுப்போன செப்புக்குடத்தையும் எடுத்துக் கொடுத்தாள். பழைய பாத்திரக்காரன் எத்தனையோ தடவை கேட்டும் அவள் கொடுக்காத குடம் அது. ரேடியோ பக்கத்தில் தான் உட்கார்ந்து சொல்வதாகவும், அவர் உள்ளுக்கும் வெளிக்கும் அலைய வேண்டாம் என்றும் சொன்னாள். என்ன இருந்தாலும் பெற்றவள் இல்லையா என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

குழியில் குடத்தை இறக்கி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் கொட்டி, மண்ணைத் தள்ளி மிதித்தார். கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். அப்படியும் இரைகிறதாம். தண்ணீர் ஊற்றச் சொன்னாள், ஊற்றினார். இன்னும் கொஞ்சம் உப்பு என்றாள், போட்டார். நடுவில் முன்வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பேச்சுக்குரல் கேட்டது.

“பௌர்ணமிக்கு மலை சுத்த வந்தவங்க, தண்ணி கேக்கறாங்க. நீங்க வேலையைப் பாருங்க” என்றாள் ஜோதியம்மாள்.

வெயில் தாழ்ந்து, நிகழ்ச்சி ஆரம்பிக்கிற நேரமும் வந்துவிட்டது. இன்றைக்கும் தவறிவிடுமோ என்று அவருக்குப் பதறியது. மீதமிருந்த தண்ணீரையெல்லாம் குழியில் கவிழ்த்தார்.

“இப்ப?”

ஜன்னல் வழியாக வேறொரு குரல் வந்தது.

“நேயர்களுக்கு வணக்கம். சாயங்காலத் தமிழ் நிகழ்ச்சியில் உங்களோடு பேசுவது கீதாஞ்சலி இராமலிங்கம்.”

பொட்டு இரைச்சல் இல்லை. கட்டிக்கொண்டவன் பெயரைச் சொல்லாமல் அப்பன் பெயரைச் சொல்கிறாளே என்று நினைத்தவர், சேறு என்றும் பார்க்காமல் வாழை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் ஏதோ ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையிடையே குரல் கம்மியது. கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, சளி பிடித்திருக்கிறது என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது.

“ஜோதி, கேட்டியா? நம்ம கீதாதான்” என்றார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. “அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். அதுக்காக இத்தினி வருசம் வராமலே இருந்துடறதா? வந்தா நான் இன்னா, அடிச்சா தொரத்தப் போறேன்? அவளை வரச் சொல்லு ஜோதி. அந்தப் பையனையும் கூட்டிக்கினு வரச் சொல்லு.”

குரல் சட்டென்று நின்றுபோனது. எர்த் கம்பி கழன்றுவிட்டது என்று பதறி, அவர் குழிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஜோதியம்மாள் வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே சிரித்தாள்.

“கம்பிய வுட்டுட்டு உள்ள வாங்க. மத்தியானம் போன கரண்டு இன்னும் வரல. வந்திருக்கறது நம்ம பொண்ணு.”