வாழைக்குப் போகிற தண்ணீர்

மத்தியான வெயிலில் பாலையூற்றுப் பங்குக் கிணற்றடியில் நிற்கிறேன். வேலிக்கு அப்பால் வெறுங்குடத்துடன் என் மகள் நாகேஸ்வரி. போன ஞாயிறு துறைமுகக் கடலில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தவள். வேதக்காரி தொட்டால் கிணறு தீட்டு என்று கிணற்றுப் பங்குக்காரர் முடிவெடுத்தபோது நானும் தலையாட்டினேன். நேற்றிலிருந்து அவள் வீட்டில் தண்ணீர் இல்லை. எங்கள் குடும்பத்துப் பெண் எவளும் வேலிக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்டதில்லை. இவளும் கேட்கவில்லை, குடத்தை இடுப்பு மாற்றுகிறாள், அவ்வளவுதான். நான் துலாவை இழுத்து, ஒரு வாளி தண்ணீரைச் சீமெந்து வாய்க்காலில் ஊற்றுகிறேன். அது பளபளத்துக்கொண்டு வேலிக்குக் கீழால் அந்தப் பக்கத்து வாழைகளை நோக்கி ஓடுகிறது. அவளுக்கு விளங்கிவிட்டது. குனிந்து, வாய்க்காலில் குடத்தைச் சரிக்கிறாள். "அண்ணை, வாழைக்குக் காலமை இறைச்சனீங்கள் எல்லே?" கிணற்றுக்கட்டில் இருந்தபடி தம்பி கதிர்காமு சிரிக்கிறான். "வாழையும் வேதத்திலை சேர்ந்திட்டுதோ?" துலாக்கயிறு என் கைக்குள் நிற்கிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்கிறது. "ஓம் தம்பி, மறந்துபோனன்," என்கிறேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு வாளியைக் கவிழ்த்து வைக்கிறேன். குடத்துக்கு ஒரு சாண் முன்னால் தண்ணீர் நின்று, சீமெந்து வெயிலில் வெளுக்கத் தொடங்குகிறது. அவள் இன்னும் குனிந்தபடியே இருக்கிறாள்.