பனியில் ஸ்டார்ட் ஆகுமா?

“இன்னொரு தடவை ஆக்சிலேட்டரை அழுத்துங்கண்ணே” என்றாள் அந்தப் பெண். வேனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சைலன்சர் புகையைக் கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தாள்.

வேன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கொல்லைப்புறக் கொட்டகையில் பயோடீசல் தயாரிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. விற்பனைக்கு என்று கடைவாசல்களில் சீட்டு ஒட்டி இரண்டு மாதம். வாங்க வந்திருக்கும் முதல் ஆள் இவள்தான்.

ஓட்டல்களில் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்கி வந்து, வடிகட்டி, ரசாயனம் கலந்து, தெளியவைத்துத் தன் வேனுக்கு ஊற்றுகிறவர் அவர். வேன் தெருவில் போனால் உருளைக்கிழங்கு வறுக்கிற வாசனை அடிக்கும். தெருவே சேர்ந்து அவருக்கு ‘எண்ணெய்ச்சட்டி’ என்று பெயர் வைத்துவிட்டது.

கேலி அவருக்கு உறைக்கவில்லை, மகனுக்குத்தான் உறைத்துவிட்டது. அவருக்குச் சரிசமமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒரு மாதமாகச் சாவியைத் தொடுவதில்லை, சாப்பாடும் சரியாக இறங்குவதில்லை. ‘அந்த வாசனை அடிச்சாலே குமட்டுதுப்பா’ என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

நாலு பேர் மதித்து இந்த எண்ணெயை வாங்கிவிட்டால் பையனின் வெட்கம் போய்விடும், பழையபடி வண்டியில் ஏறுவான். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பெற்ற மனசு, வேறு எதைக் கேட்கும்?

அவள் எழுந்து பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். “நல்லதை மட்டும் சொல்லாதீங்க. கெட்டதையும் சொல்லுங்க.”

“சொல்றேன் தங்கச்சி. பங்க் விலையில பாதிதான் ஆகும். கரும்புகை வராது, இஞ்சின் சத்தமும் அடங்கும். ஆனா மொதல் ரெண்டு டேங்குக்கு ஃபில்டர் அடைக்கும். உள்ள படிஞ்சு கிடக்கிற பழைய அழுக்கையெல்லாம் இது கிளப்பி விட்டுடும். பழைய வண்டின்னா ரப்பர் ட்யூபை மாத்தணும். மைலேஜும் ஒரு துளி குறையும். தினம் வேலைக்குப் போய்ட்டு வர்றவங்களுக்கு இதெல்லாம் தாங்கும்.”

ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். பிறகு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்னால் இடப்பக்க விளக்கருகில் நின்றாள்.

“இது மட்டும் புதுசா இருக்கே?”

“பையன் எங்கயோ ஒரு இரும்பு கேட்டுல இடிச்சுட்டான். அந்தப் பழியையும் எண்ணெய் மேல போட்டுடாதீங்க!” அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காசு போடப்போகிறவளுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

“ஊர்ல வேற யாரெல்லாம் இதை ஊத்துறாங்க?”

வியாபாரம் தெரிந்தவன் என்றால் இந்த இடத்தில் ‘பத்து வண்டி ஓடுதும்மா’ என்று அடித்துவிட்டிருப்பான். எண்ணெய்ச்சட்டிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

“பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. சுத்துவட்டாரத்துலயே இதுல ஓடுறது என் வண்டி ஒண்ணுதான்.”

அவள் பேனா அப்படியே நின்றது. போச்சு, வந்த ஒரே ஆளும் கைநழுவுகிறது என்று நினைத்தார். நல்லவேளை, அவளே அடுத்த கேள்விக்குப் போனாள்.

“குளிர்ல இது உறைஞ்சு போயிடும்னு சொல்றாங்களே. போன மாசம் ஒரு வியாழக்கிழமை, எதிர்ல வர்ற ஆளே தெரியாத அளவுக்குப் பனி கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ஸ்டார்ட் ஆச்சா?”

அவருக்கு உயிர் வந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு மாதமாகக் காத்திருந்தவர் ஆயிற்றே.

“நல்லாக் கேட்டீங்க! குளிருக்குன்னே பாதிக்குப் பாதி சாதா டீசல் கலந்து வச்சிருந்தேன். அன்னைக்குத் தெருவுல ஒரு வண்டியும் கிளம்பல. என் பையன் காலையில அஞ்சரைக்குச் சாவியைப் போட்டான், ஒரே இழுப்பு! மில் ரோட்டு வழியா மார்க்கெட்டுக்குப் போய், லோடை இறக்கிட்டு ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டான்.”

“மில் ரோட்டு வழியாவா?”

“ஆமா. சந்தேகமா இருந்தா அவனையே கேளுங்க.” அவர் வீட்டைப் பார்த்துத் திரும்பி, தெருவுக்கே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். “டேய், வெளிய வா! நம்ம எண்ணெயை வாங்க ஆள் வந்திருக்காங்கடா!”

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். “உங்க பையனுக்கு என்ன வயசுண்ணே?”

“இருபத்திரண்டு.”

கதவு திறந்தது. வாரக்கணக்கில் சவரம் செய்யாத முகத்தோடு மகன் வாசலில் வந்து நின்றான்.

“என் பையனுக்கும் அதே வயசுதான்” என்றாள் அவள், அவனையே பார்த்தபடி. “அந்த வியாழக்கிழமை, வேலைக்கு மில் ரோட்டுல சைக்கிள்ல போனான். இடிச்ச வண்டி நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு தடவைதான் வாயைத் திறந்தான்.”

மகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

“‘வண்டி தெரியலம்மா, வறுக்கிற வாசனைதான் வந்துச்சு’ன்னான்.”