திறக்க மறுத்த ஆப்

நீடாமங்கலம் முழுக்க அறுவடை. மழை வேறு மிரட்டியது. அறுவடை மெஷினை வாடகைக்குப் பிடித்துத் தரும் எங்கள் ஆப் மட்டும் காலையிலிருந்து திறக்கவில்லை. கூடப் படித்தவனும் கூட்டாளியுமான இளமாறனுக்குப் போன் போட்டேன்.

“மாறா, சர்வர்லேர்ந்து டேட்டா வருது, ஆப்தான் படிக்க மாட்டேங்குது. ஒரு இடத்துல பெயர்ப் பட்டியல் வரும்னு எழுதியிருக்கேன். அங்க ஒத்தைப் பேர் வந்து நிக்குது.”

“அட, இதுக்கா கத்துறே? பட்டியலை எடுத்துட்டு ஒத்தைப் பேர்னு மாத்திடு வானதி.”

“சர்வர் உன் பொறுப்பு. நீ எதையாவது மாத்துனியா?”

“நான் ஏன் மாத்தப்போறேன்? உன் பக்கம்தான் தப்பு. சீக்கிரம் மாத்து, ஜனங்க வயல்ல காத்துக்கிட்டிருக்காங்க.”

அவன் சொன்னபடியே மாற்றினேன். ஆப் உடனே திறந்தது.

“திறந்துடுச்சா?”

“திறந்துடுச்சு. ஆனா எந்த இடத்துலன்னு நீ கேக்கவே இல்லையே, மாறா?”

அவன் போனை வைத்துவிட்டான்.

அந்த இடத்தின் பெயர் ‘ஆப்பின் உரிமையாளர்கள்’. நேற்றுவரை அங்கே அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது.