மூக்குக்கண்ணாடி உறை

சர்ச் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுத்து வரவேற்பது பதினோரு வருடமாகத் தையல்காரம்மாவின் வேலை. புருஷனைப் புதைத்து இருபது நாளாகிற இந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான் நிற்கிறாள். வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கும் வெயில் அவள் கையில் சிவப்பாக விழுகிறது. அழுது வீங்கிய முகத்தோடு ஒருத்தி படியில் தயங்குகிறாள். "நான் இந்த சபை இல்ல. உள்ள வரலாமா?" "யார் வேணா வரலாம்மா. இங்க யாரும் உங்கள எதுவும் கேக்க மாட்டாங்க." "அவர் போய் இருபது நாளாச்சு. வாய்விட்டு அழக்கூட எனக்கு இடமில்ல." தையல்காரம்மா ஒரு பாட்டுப் புத்தகத்தை அவள் கையில் வைக்கிறாள். "எனக்கும் இருபது நாள்தான்மா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தன் பக்கத்திலேயே உட்காரவைக்கிறாள். ஆர்கன் மெல்ல இழுக்கத் தொடங்குகிறது. வந்தவள் பையைத் துழாவி, மூக்குக்கண்ணாடி உறை ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் தடவுகிறாள். கறுப்புத் துணி, ஓரமெல்லாம் நீல நூலில் நெருக்கமான தையல், மூலையில் ஊசி வழுக்கிய ஒரு கோணல். அந்தக் கோணல் தையல்காரம்மாவின் கையால் விழுந்தது. பஸ்ஸில் தொலைந்துபோச்சு என்று புருஷன் முகம் வாடி நின்றபோது, "போனாப் போகுது, வேற தைச்சுத் தர்றேன்" என்று தேற்றியவளும் அவள்தான். எல்லோரும் பாட எழுந்து நிற்கிறார்கள். அவளுக்குக் கேட்க ஆயிரம் இருக்கிறது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று வாசலிலேயே சொல்லியாகிவிட்டது. வந்தவள் பக்கம் தெரியாமல் புத்தகத்தை நீட்டுகிறாள். தையல்காரம்மா வாங்கி, பாட்டை எடுத்து, திரும்ப நீட்டுகிறாள். விடத்தான் அவளுக்குக் கை வரவில்லை.